அமெரிக்க மாணவர் விசா இன்டர்வியூ: ஐ-20 வந்த நாளிலிருந்து ஜன்னல் முன் நிற்பது வரை

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 மாணவர் விசாவுக்கான இன்டர்வியூ பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். உட்கார நாற்காலி கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆஃபீசர், இந்தப் பக்கம் நின்றபடி நீங்கள், நடுவில் ஒரு மைக். நீங்கள் கோப்பில் அடுக்கிக்கொண்டு போன தாள்களில் பாஸ்போர்ட்டையும், சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளையும் தவிர வேறு எதையுமே அவர் கேட்காமல் முடிவைச் சொல்லிவிடலாம். “என் பேப்பர் எல்லாம் பக்காவாக இருந்தது, ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை” என்று வெளியே வந்து புலம்புகிறவர்கள் இதை எதிர்பார்க்காமல் உள்ளே போனவர்கள்.

திரையில் இருக்கும் விண்ணப்பமும் எதிரில் நிற்கும் ஆளும் ஒன்றோடொன்று பொருந்துகிறார்களா என்பதைத்தான் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் பார்க்கிறார். அதனால் தயாரிப்பின் பெரும்பகுதி விண்ணப்பத்தை நிரப்பும் வாரத்திலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். கன்சல்டன்சி கையில் திணிக்கும் ‘நூறு கேள்வி, நூறு பதில்’ பிடிஎஃப்பை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள்.

சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். விசா கேட்டு வரும் எவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று அந்தப் பிரிவு முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. இந்திய மாணவர்களுக்கு விசா மறுக்கப்படும்போது மிக அதிகமாகக் காட்டப்படும் பிரிவும் இதுதான்.

ஆஃபீசர் மனதுக்குள் எடைபோடுவது மூன்று விஷயங்களை. இவர் உண்மையிலேயே படிக்கப் போகிறவரா, அந்தப் படிப்பைத் தாங்கும் தகுதி இருக்கிறதா? செலவுக்குப் பணம் இருக்கிறதா, அது எங்கிருந்து வருகிறது? படிப்பு முடிந்த பிறகு இவருடைய வாழ்க்கை எந்தத் திசையில் போகும்? கேள்விகள் எத்தனை வடிவத்தில் வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொடும். இருபத்திரண்டு வயதுப் பையன் பெயரில் வீடும் நிலமும் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். சொத்துப் பட்டியலை நீட்டுவதால் மட்டும் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடாது.

ஐ-20 கைக்கு வந்ததும்

பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20-யைப் பிரிண்ட் எடுத்து ஒரு பேனாவோடு உட்காருங்கள். பெயர், பிறந்த தேதி, படிப்பின் பெயர், தொடங்கும் தேதி, மேலே இருக்கும் செவிஸ் எண் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேட்டில் உங்கள் எண்), கீழே ஓராண்டுச் செலவும் அதற்கான பண ஆதாரமும். ஒவ்வொன்றையும் பாஸ்போர்ட்டோடும் நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய வங்கிக் கடிதங்களோடும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்பித் திருத்திய ஐ-20 வாங்கிவிடுங்கள். உங்கள் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கும். அதை வெறுமையாக விட்டுவிட்டு வருகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, அப்பா பெயரின் முதலெழுத்து இன்ஷியலாக நிற்கும். பள்ளிச் சான்றிதழில் ‘கா. செல்வம்’, பாஸ்போர்ட்டில் ‘செல்வம் காளிமுத்து’ என்று இருப்பது சகஜம், சென்னை ஆஃபீசர்களுக்கு அது புதிதும் இல்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால்தான் பிரச்சினை. அப்படி இருந்தால் டிஎஸ்-160 என்னும் ஆன்லைன் விசா விண்ணப்பத்தில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்என்யு’ என்று நிரப்ப வேண்டும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். போன இடத்தில் வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசன்ஸ் என்று எல்லாவற்றிலும் உங்களை ‘மிஸ்டர் எஃப்என்யு’ ஆக்கிவிடும். விசா மறுக்க இது காரணமாகாது. ஆனாலும் அட்மிஷனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் பிற்பாடு நிம்மதி. ஐ-20 வந்த பிறகு மாற்றினால் ஐ-20-யையும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டிஎஸ்-160: இன்டர்வியூ இங்கேதான் தொடங்குகிறது

இந்த ஆன்லைன் விண்ணப்பத்தைக் கன்சல்டன்சியில் யாரோ ஒருவர் நிரப்ப, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தால், ஆஃபீசரின் திரையில் இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியாது. “அமெரிக்காவில் உங்களுக்கு உறவினர் யாராவது?” என்று கேட்பார். நீங்கள் “நியூ ஜெர்சியில் சித்தப்பா” என்பீர்கள். விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று இருக்கும். சித்தப்பா இருப்பதால் யாருக்கும் விசா போவதில்லை. முன்னுக்குப் பின் முரணாக நிற்பதால் போகும்.

ஆகவே நீங்களே நிரப்புங்கள். இருபது நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும். தொடக்கத்தில் வரும் அப்ளிகேஷன் ஐடியைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமித்துக்கொண்டே போங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் போன நாடுகள், படித்த இடங்கள், வேலை பார்த்த கம்பெனிகள், தேதிகள் எல்லாம் கேட்கும். ரெஸ்யூமில் 2023 ஜூன் என்றும் இங்கே 2023 ஆகஸ்ட் என்றும் போட்டுவைக்காதீர்கள். ‘நீங்கள் ஏதேனும் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா’ என்று ஒரு கேள்வி வரும். சாதியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து அதை நிரப்பியவர்களும் உண்டு. அது சாதிக்கான கேள்வி கிடையாது, நம்மில் பெரும்பாலோருக்கு ‘இல்லை’ என்பதே பதில்.

சமூக வலைத்தளப் பகுதியில் ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களைக் கேட்பார்கள். மறந்துபோன பழைய ட்விட்டர் கணக்கும் இதில் சேர்த்தி. 2025 ஜூன் முதல் எஃப், எம், ஜே வகை (மாணவர், பரிமாற்றத் திட்டத்தில் போகிறவர்) விசாவுக்கு விண்ணப்பிக்கும் எல்லோரும் தங்கள் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லியிருக்கிறது. டிஎஸ்-160 சமர்ப்பிக்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். லிங்க்ட்இன்னில் இருக்கும் வேலைத் தேதிகள் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

இதற்கு முன் ஏதாவது அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருந்தால் ‘ஆம்’ என்றுதான் போட வேண்டும். பள்ளி நாட்களில் குடும்பத்தோடு சுற்றுலா விசாவுக்குப் போய் மறுக்கப்பட்டதும் கணக்கில் வரும். அவர்களிடம் பதிவு இருக்கிறது.

புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது. தெரு முனை ஸ்டுடியோவில் ‘யுஎஸ் விசா சைஸ்’ என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். முகத்தை வெளுப்பாக்கும் டச்சப் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டணமும் ஸ்லாட்டும்

செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டும் தனித்தனி, இரண்டும் திரும்ப வராது. 2025-இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டம் இதற்கு மேல் 250 டாலர் கூடுதல் கட்டணத்துக்கும் வழி செய்திருக்கிறது. கட்டும் நாளன்று அதிகாரபூர்வத் தளத்தில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். செவிஸ் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விசா மறுக்கப்பட்டு பன்னிரண்டு மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மறுபடி போனால் அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கட்டத் தேவையில்லை.

இரண்டு அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். முதலில் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் போட்டோவும், பிறகு தூதரகத்தில் இன்டர்வியூ. அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போது கொடுக்கும் டிஎஸ்-160 எண்ணும் கையில் கொண்டுபோகும் உறுதிப்படுத்தல் தாளின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் திருத்திப் புதிதாகப் போட்டால் எண் மாறும், அப்பாயின்ட்மென்ட்டிலும் அதை மாற்ற வேண்டும்.

படிப்பு தொடங்கும் தேதிக்கு 365 நாள் முன்பிலிருந்தே விசா தரலாம். அமெரிக்காவுக்குள் நுழைய முடிவது தொடங்கும் தேதிக்கு முப்பது நாள் முன்பிலிருந்துதான். ஆகஸ்ட் படிப்புக்கு மே, ஜூன், ஜூலையில் கூட்டம் நெருக்கும். 2025 மே கடைசியில் மாணவர் விசா ஸ்லாட்டுகளையே ஏறக்குறைய ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஐ-20 ஏப்ரலில் வந்தும் ‘ஜூனில் பார்த்துக்கலாம்’ என்று இருந்தவர்கள் அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல. சென்னையில் கிடைக்காவிட்டால் ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தாவிலும் முயலலாம். இந்தியாவுக்கு வெளியே சிங்கப்பூரிலோ துபாயிலோ போய் எடுக்கலாம் என்ற பழைய யோசனைக்கு இனி வேலையில்லை. குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் இன்டர்வியூ என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

ஸ்லாட் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்களிடம் உங்கள் லாகின், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். 2025 மார்ச்சில் தானியங்கி நிரல்கள் மூலம் எடுக்கப்பட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது.

பணக் கணக்கைச் சொந்தமாக்கிக்கொள்வது

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்தும்போது நான் எப்போதும் முதலில் கேட்பது “ஓராண்டுச் செலவு எவ்வளவு?” என்பதுதான். படிப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இங்கே அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். தூதரகத்துக்குள் அப்பா வர மாட்டார்.

ஐ-20-யில் ஓராண்டுக்கு 42,000 டாலர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டாலருக்கு 90 ரூபாய் என்றால் 37 லட்சத்து 80 ஆயிரம். இதில் கல்விக் கட்டணம் எவ்வளவு, சாப்பாடு, வாடகை, இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். படிப்பு இரண்டு வருடம், ஐ-20 காட்டுவது ஒரு வருடக் கணக்கு. இரண்டாவது வருடத்துக்கு என்ன வழி என்று கேட்டால் ‘பார்ட் டைம் வேலை பார்த்து’ என்ற பதில் வாயில் வரவே கூடாது. படிக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. அது கைச்செலவுக்கு உதவலாம், கல்விக் கட்டணத்துக்கான ஆதாரமாக அதைச் சொன்னால் பணம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கல்விக் கடன் இருப்பதில் கூச்சம் வேண்டாம். எந்த வங்கி, எவ்வளவு, ஈடு என்ன, யார் கூட்டுக் கடன்தாரர் என்று தெரிந்தால் போதும். சாங்ஷன் லெட்டரில் ‘கொள்கை அளவிலான ஒப்புதல்’ என்று மட்டும் இருந்தால் அது முழு சாங்ஷன் ஆகாது. இன்டர்வியூவுக்கு முன் வங்கிக்கு இன்னொரு நடை போய் முழு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சிக்கல். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, அதனால் அப்பாவிடம் கணக்குத் தாக்கல் செய்த தாளே இருக்காது. பயிர் விற்ற பணம் பாதி ரொக்கமாகக் கைமாறியிருக்கும். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க எடுத்த பணம் மட்டும்தான் பாஸ்புக்கில் தெரியும்! விற்பனை ரசீதுகள், வங்கிக்கு நேராக வந்த வியாபாரியின் பணம், பட்டா, சிட்டா, அடங்கல், தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்று இவற்றைக் கொண்டுதான் கதையைக் கோக்க வேண்டும். வருமானச் சான்றில் ஒரு கண்ணி இருக்கிறது. கல்லூரியில் உதவித்தொகைக்காக ஆண்டு வருமானம் 72 ஆயிரம் என்று சான்று வாங்கி வைத்திருப்போம், விசாவுக்குப் பன்னிரண்டு லட்சம் என்று சொல்வோம். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தின் உண்மை வருமானம் எதுவோ அதைத்தான் விண்ணப்பம் முழுக்கச் சொல்ல வேண்டும். அந்த வருமானத்துக்குள் அடங்கும் படிப்பைத்தான் தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

‘ஷோ மணி’ வேண்டவே வேண்டாம். கன்சல்டன்சி வட்டிக்கு ஏற்பாடு செய்து இரண்டு வாரம் கணக்கில் போட்டு வைக்கும் இருபது லட்சம், திடீரென்று முளைத்த எஃப்டி, விலைக்கு வாங்கிய வேலை அனுபவச் சான்று இவையெல்லாம் இந்த வகை. 212(ஏ)(6)(சி) என்று ஒரு பிரிவு உண்டு. பொய்யான ஆவணம் கொடுத்து விசா பெற முயன்றதாக அதன்கீழ் முடிவெடுத்துவிட்டால் அமெரிக்காவின் கதவு வாழ்நாள் முழுவதும் மூடிக்கொள்ளும். 214(பி)-யில் மறுக்கப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்கலாம். இது அப்படியில்லை.

கேள்விகள்: ஒரு பையனை நிறுத்தி வைத்துப் பார்ப்போம்

ஓசூர்ப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் முடித்தவன், இரண்டு அரியர் வைத்துக் கிளியர் செய்தவன், பிரேக் உதிரிபாக ஆலையில் இரண்டு வருடம் குவாலிட்டி பிரிவில் வேலை. அப்பா பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறார், அக்கா பெங்களூரில் ஐடி வேலை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்எஸ் கிடைத்திருக்கிறது.

“ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?”

கன்சல்டன்சி பதில்: “சார், தலைசிறந்த பேராசிரியர்களும் நவீன ஆய்வகங்களும் பன்முகக் கலாச்சாரச் சூழலும் இருப்பதால்...” காலையிலிருந்து இதையே கேட்டு ஆஃபீசருக்குக் காது புளித்திருக்கும். இந்த வாக்கியத்தில் ஆர்லிங்டனை எடுத்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகத்தைப் போட்டாலும் பொருந்தும்.

அவனாகச் சொன்னால் இப்படி வரும்: “ஆலையில் ரிஜெக்ட் ஆகும் பாகங்களைக் குறைப்பதுதான் என் வேலை. அதற்குத் தேவையான புள்ளியியல் எனக்குத் தெரியவில்லை. இந்தப் படிப்பில் குவாலிட்டி கண்ட்ரோலுக்கே தனிப் பாடம் இருக்கிறது. கிடைத்த மூன்று இடங்களில் இங்கேதான் செலவு குறைவு.” செலவு குறைவு என்று சொல்வது நல்ல பதில்தான். வீட்டுப் பணத்தின் மதிப்பு தெரிந்தவன் என்று அது காட்டும். பாடத்தின் பெயரைச் சொன்னால் அதில் என்ன கற்றுத் தருவார்கள் என்றும் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த கேள்வி அங்கிருந்தே வரலாம்.

“எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள்?” ஐந்துக்குப் போட்டு மூன்று கிடைத்தால் ஐந்து, மூன்று என்றே சொல்லுங்கள். நிராகரித்த இரண்டின் பெயரைக் கேட்டாலும் தயங்க வேண்டாம்.

“மார்க்கைப் பற்றிச் சொல்லுங்கள்.” “மூன்றாவது செமஸ்டரில் இரண்டு அரியர், கணக்கும் தெர்மோடைனமிக்ஸும். அடுத்த செமஸ்டரிலேயே முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அரியர் இல்லை.” இங்கே நிறுத்த வேண்டும். டெங்கு வந்தது, பாட்டி இறந்தார், வாத்தியார் சரியில்லை என்று நீட்டினால், கேட்காத இடத்தில் சந்தேகத்தை நீங்களே விதைக்கிறீர்கள்.

“அப்பா என்ன செய்கிறார்? பணம் யார் தருவது?” “ஒன்றரை ஏக்கர் பசுமைக்குடிலில் ரோஜா. நாற்பது லட்சம் கல்விக் கடன், நிலம் ஈடு. அப்பாவின் சேமிப்பு பதினைந்து லட்சம், மீதிக்கு அக்கா பொறுப்பு.” எண்கள் வாயிலிருந்து தடையில்லாமல் வர வேண்டும்.

“முடித்துவிட்டு என்ன திட்டம்?” இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ‘என் தாய்நாட்டுக்குச் சேவை செய்வேன்’ என்று மார்தட்டுவது ஒரு பக்கம், ‘ஓபிடியில் மூன்று வருடம் வேலை பார்ப்பேன்’ என்று ஆரம்பிப்பது இன்னொரு பக்கம். படிப்புக்குப் பின் பன்னிரண்டு மாதம் ஓபிடி வேலைப் பயிற்சியும், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்கு மேலும் 24 மாத நீட்டிப்பும் சட்டப்படி கிடைப்பவைதான். அவை என்னவென்று தெரிந்து வைத்திருங்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். போவதற்கான காரணமாக அதை முன்னே வைக்காதீர்கள். நம் பையன் சொல்லக்கூடியது: “ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சப்ளையர் குவாலிட்டியில் மேனேஜர் நிலைக்குப் போக எம்எஸ் உதவும். பழைய மேனேஜரோடு இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறேன்.” ஊர்ப் பெயர், தொழில், பதவி மூன்றும் இருக்கின்றன. யோசித்து வைத்திருக்கிறான் என்று கேட்பவருக்குத் தெரியும்.

அமெரிக்காவிலிருக்கும் மாமா அம்மாவுக்காகக் கிரீன் கார்டு மனு போட்டிருக்கிறார் என்றால் அதை வீட்டில் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பல பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டால் மறைக்காதீர்கள்.

வேலை பார்த்த இடைவெளியில் படிப்பை மாற்றுகிறவர்கள், சிவில் முடித்துவிட்டு டேட்டா சயின்ஸ் போகிறவர்கள், ஒரு எம்பிஏ முடித்துவிட்டு இன்னொரு முதுகலைக்குப் போகிறவர்கள் ‘ஏன் இந்த மாற்றம்’ என்ற கேள்வி வரும் என்றே எடுத்துக்கொண்டு தயாராகுங்கள். ‘ஸ்கோப் இருக்கு’ என்பதைத் தாண்டி, இதுவரை அந்தப் பக்கம் நீங்கள் கையால் செய்த ஒன்றைக் காட்டுங்கள்.

பயிற்சி

பதில்களை முழு வாக்கியங்களாக எழுதி வைக்காதீர்கள். எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும், மனப்பாடம் ஆனது ஒப்பிக்கிற ராகத்திலேயே வரும். ஒரு தாளில் எண்களும் பெயர்களும் மட்டும் இருக்கட்டும்: செலவு, கடன், பாடங்கள் மூன்று, ஊர் எங்கே இருக்கிறது, தேதிகள்.

உட்கார்ந்து பழக வேண்டாம், நின்று பேசுங்கள். உங்களை அதிகம் தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பவர் ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்ற வேண்டும், இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே புகுந்து அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டும், நடுவில் உங்களைப் பார்க்காமல் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். உண்மையான ஆஃபீசரும் நீங்கள் பேசும்போது தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அது கோபமோ அலட்சியமோ இல்லை, குறிப்பெடுக்கிறார். எந்த நொடியிலும் குறுக்கிடுவார் என்பதால் பதிலின் சாரம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது ‘ஆக்சுவலி’ எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

அங்கே போய்ப் படிக்கப் போவது ஆங்கிலத்தில் என்பதால் மாணவர்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். உச்சரிப்பு நம்மூர் உச்சரிப்பாகவே இருக்கட்டும். மைக் வழியே கேள்வி சரியாகக் கேட்காவிட்டால் திரும்பக் கேட்கலாம். புரியாத கேள்விக்குத் தோராயமாகப் பதில் சொல்வதுதான் ஆபத்து.

டெலிகிராம் குழுக்களை இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் மூடிவிடுங்கள். ‘அந்த ஜன்னல் மேடம் ரிஜெக்ஷன் ராணி’ என்ற வகைச் செய்திகளால் ஒரு பயனும் இல்லை. ஜன்னலை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.

அன்றைக்கு

தூதரகம் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ் இரண்டுமே பக்கம். வெளியூர்க்காரர்கள் முந்தைய இரவே சென்னை வந்துவிடுங்கள். செல்போன், ஸ்மார்ட் வாட்ச், பை எதுவும் உள்ளே விட மாட்டார்கள், உள்ளே லாக்கரும் இல்லை. கூட வரும் அப்பா, அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர்களைச் செம்மொழிப் பூங்காப் பக்கம் இருக்கச் சொல்லுங்கள்.

ஒளி ஊடுருவும் ஒரே கோப்பு. மேலே பாஸ்போர்ட், கையெழுத்திட்ட ஐ-20, டிஎஸ்-160 உறுதிப்படுத்தல் தாள், அப்பாயின்ட்மென்ட் தாள், செவிஸ் ரசீது. அடுத்து மதிப்பெண் பட்டியல்கள், டிகிரி, ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபெல், ஜிஆர்இ எழுதியிருந்தால் அது. கடைசியில் கடன் கடிதம், வங்கிக் கணக்கு, குடும்ப வருமானத் தாள்கள். கேட்டால் இரண்டு விநாடியில் எடுக்க வேண்டும், கேட்காமல் எதையும் நீட்ட வேண்டாம். மே மாத வெயிலில் கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிய வேண்டிய அவசியமில்லை, இஸ்திரி போட்ட சட்டை போதும்.

ஜன்னலில் மூன்று விதமாக முடியலாம்

‘அப்ரூவ்டு’ என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை அவரே வைத்துக்கொண்டால் விசா ஒட்டித் திரும்பி வரும். இந்திய மாணவர்களுக்கு வழக்கமாக ஐந்து ஆண்டு வரை தருகிறார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்து பெயரையும் செவிஸ் எண்ணையும் சரிபார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

221(ஜி) என்று தாள் கொடுத்தால் கூடுதல் ஆவணமோ கூடுதல் பரிசோதனையோ தேவை என்று பொருள். சமூக வலைத்தளப் பரிசோதனைக்காகவும், சில நுட்பமான ஆராய்ச்சித் துறைகளுக்காகவும் இது வரலாம். கேட்ட தாளைச் சொன்ன வழியில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் என்றால் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

214(பி) என்றால் பாஸ்போர்ட்டோடு ஒரு தாளைத் திருப்பித் தருவார்கள். ஜன்னலில் நின்று வாதாடிப் பயனில்லை, மேல்முறையீடும் கிடையாது. வெளியே வந்ததும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் சொல்லுக்குச் சொல் எழுதிவிடுங்கள். மாலைக்குள் பாதி மறந்துவிடும். எந்தக் கேள்விக்குப் பிறகு அவர் தட்டச்சை நிறுத்தினார், எங்கே மறுபடி மறுபடி குடைந்தார் என்று பார்த்தால், இடறிய இடம் பணமா, படிப்பா, எதிர்காலத் திட்டமா என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். அடுத்த வாரமே வேறு ஊரில் ஸ்லாட் எடுத்து அதே விண்ணப்பம், அதே பதில்களோடு போனால் புது ஆஃபீசரின் திரையில் பழைய குறிப்பு இருக்கும். கடன் முழுமையாக சாங்ஷன் ஆவது, படிப்பைப் பற்றிய உங்கள் பதிலே மாறுவது, அல்லது உங்கள் வேலைக்குப் பொருத்தமான வேறு பல்கலைக்கழகத்தின் ஐ-20 வருவது என்று ஏதாவது ஒன்று உண்மையில் மாறியிருந்தால் மறுபடி கட்டணம் கட்டுங்கள். மாறவில்லை என்றால் அந்த 185 டாலரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்குச் சேர்க்கையைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்.